அடைதல்

பிலோமின் தோஹாவுக்குப் போகும் முந்தின இரவு
கொய்யாப்பழக் கூடையில் வைத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு
ஆட்டோவில் கொண்டுவந்தான் ஏழு புறா.
மர்ஃபி டவுனிலிருந்து லிங்கராஜபுரம்,
நடந்தாலே முக்கால் மணிதான்.
"அதான் பிரச்சனைக்கா," என்றான்.
"தூரம் பத்தாது."

கூடு நான்தான் அடித்தேன்.
ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஆப்பிள் பெட்டி, ஒன்று இருபது ரூபாய்.
மேற்கே தகரம், ஜூன் மாதச் சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும்.
கிழக்கே வலை. வலைக்கண்ணில் என் சுண்டுவிரல் நுழையக்கூடாது;
எலிக்கு என் சுண்டுவிரல் ஒரு வாசல்.
இடுப்புயரக் கால் நான்கும்
கருப்பு ஆயில் ஊற்றிய பெயின்ட் டப்பாக்களில், எறும்புக்காக.
ஜோடிக்கு ஓர் அறை.
ஏழாவதற்குத் தனியறை, தனிக் கதவு:
சாம்பல் நிறத்தாள், இடது காலில் செம்பு வளையம்,
ஜோடியை வைரி தூக்கிப் போனதாம், டிசம்பரில்.

வீட்டுக்காரர் ஹனுமந்தப்பா படியேறி வந்தார்.
பதினோரு மாத அக்ரிமென்ட் எழுதிய அன்று
"எஷ்டு ஜன?" என்று கேட்டவர்.
நானும் மகனும், இரண்டு என்றிருந்தேன்.
இப்போது உதடசைய எண்ணினார்.
தண்ணீர்த் தொட்டிமேல் எச்சம் விழக்கூடாது, அவ்வளவுதான்.

அடைத்தால்தான் அடையும் என்று பிலோமின் சொல்லியிருந்தான்.
முப்பது நாள் கதவு திறக்காதே.
இறக்கையில் மூன்று தூவலைச் சேர்த்து டேப் ஒட்டு.
வலை வழியே பார்க்கட்டும்: எதிர்வீட்டு சோலார் தகடு,
சர்ச் உச்சியின் சிலுவை, ரயில் போகும் மேடு.
தீனி ஒரே நேரம். ஒரே சத்தம்.

பவுடர் டப்பாவில் கம்பும் உடைத்த சோளமும்.
காலை ஐந்தே முக்கால், கம்பெனி வேன் வருமுன்
மூன்று முறை குலுக்குவேன்.
பத்தாம் நாள், டப்பாவைத் தொடுமுன்பே
ஏழு கழுத்தும் திரும்பின.
(மகனை நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.)

முப்பத்தோராம் நாள், சனிக்கிழமை.
மதியம் தீனி போடவில்லை,
பசி திருப்பிக் கொண்டுவரும் என்று.
டேப்பை உரித்தேன். மணி ஐந்து. மேகம்.
கதவைத் திறந்துவிட்டுத் துணி எடுப்பவள்போல
முதுகைக் காட்டி நின்றேன்.

தகரத்தில் நகம் உராயும் ஓசை.
பிறகு, ஈரப் போர்வையை உதறினாற்போல்.
ஒரு வட்டம், சின்னது.
அடுத்தது ரயில் பாதை வரை.
மூன்றாவதில்
காணோம்.

இருட்டுவதற்குள் ஆறு வந்தன.

ஞாயிறு பூசை முடிந்து மர்ஃபி டவுன் போனேன்,
கைப்பையில் டப்பா.
பிலோமினின் மாடி இல்லை. மாடிக்குக் கீழிருந்த வீடும் இல்லை.
பச்சை வலை போர்த்த தூண்கள், மேலே நீட்டிய கம்பிகள்.
அதில் ஒரு கம்பியின் நுனியில் செம்பு வளையம்.
பழைய கூடு இருந்த அதே உயரம்.

குலுக்கினேன்.
தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது.
வாட்ச்மேன் வந்து இந்தியில் என்ன வேண்டும் என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஜல்லிக் குவியல்மேல் கொஞ்சம் கம்பைக் கொட்டிவிட்டு
பஸ் ஏறினேன்.
ஸ்ரீராமபுரத்தை விட்டு நாலு வீடு மாறியாயிற்று.
ஓவர்டைம் முடிந்த இரவுகளில் இன்னும்
ஆட்டோக்காரரிடம் என் வாய்
அந்தத் தெருவின் பெயரைத்தான் சொல்கிறது.

வியாழக்கிழமை தனியறையில் ஒரு புறா.
வளையம் இல்லை. மேம்பாலத்தடிச் சாதி.
நூல் சுற்றி ஒரு கால்விரல் அறுந்திருந்தது,
எங்கள் கம்பெனி நூலாகக்கூட இருக்கலாம்.
யாரும் அடைக்கவில்லை அதை.
டப்பா சத்தத்துக்கு வந்து, தின்று,
சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

பிலோமின் பேசினான், பின்னால் ஏதோ மெஷின் இரைச்சல்.
"ஏழும் இருக்காக்கா?"
டார்ச் அடித்து எண்ணினேன்.
"ஏழு இருக்கு."
"சாம்பலு?"
லைன் விட்டுவிட்டு வந்தது.
நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஒரு கதவை மட்டும்
இப்போதெல்லாம் கொக்கி போடாமல் சாத்துகிறேன்.
பூனை வரும் என்று மகன் திட்டுகிறான்.