எடை மேடை

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
மீன் நிறுக்கும் ரன்வா
படகு வராத மதியமொன்றில்
தன் நாவலைத் தராசில் வைத்தாள்.
ஒரு கிலோ நானூறு,
கை ஈரமும் சேர்த்து.

கோபன்ஹேகன் பதிப்பகம் எழுதியிருந்தது:
நூற்றுக்கு ஒன்பது.
அட்டை எங்கள் பொறுப்பு.
ஏழாம் அத்தியாயம் மட்டும் வேண்டாம்,
கதை அங்கே நின்றுவிடுகிறது.

நின்றதுதான்.
தம்பியின் படகு திரும்பாத அத்தியாயம் அது.

அச்சகத்து யெக்வன் எதையும் வெட்டமாட்டான்.
முந்நூறு பிரதி,
கூரைக்கு வைத்திருந்த பணம்.
விற்காதவை கட்டிலுக்கடியில்.

மூன்று இரவு ஒழுகியது.
நாலாம் நாள் கையெழுத்திட்டாள்.

பிறகு அலுவலக அச்சுப்பொறியில்
பழைய எடைப் பட்டியல்களின் பின்புறம்
ஏழாம் அத்தியாயம்,
நாற்பது பிரதி.
படகுக்கு ஒன்று.
விலை கேட்டவனிடம்
அடுத்த கூடையைத் தூக்கி வை என்றாள்.