மூன்று மாதம் பிந்திய வாரம்

எல்மர் பல்தசாரின் அன்ரி
சவுத்தாம்டனிலிருந்து கடல் தபாலில் அனுப்புவா.
நாலு கிழமைப் புத்தகம் ஒரு சுருள்.
மண்ணிற உறை, சணல் கயிறு,
இராணியின் கன்னத்தில் அலை அலையாய் முத்திரை.

மார்கழி இதழ் தாண்டவன்வெளிக்குப் பங்குனியில் வரும்.
தலைப்பெழுத்துகளின் தோளிலெல்லாம்
பனி கொட்டிக் கிடக்கும்.
வெளியே தார் உருகும் வெயில்.
பல்தசார் வீட்டுத் தச்சுப் பட்டறையில்
மரத்தூளுக்குள் குப்புறக் கிடந்து
மூன்று பேரும் அந்தப் பனியைப் பார்ப்போம்.
"இது சுண்ணாம்பு" என்பான் முகைதீன் பாவா.
அவனுடைய வாப்பாவுக்கு வெள்ளையடிக்கிற வேலை.

எட்டாம் பக்கப் பொடியன் கண்ணாடி உடைப்பான்,
வாத்தியாரின் தொப்பிக்குள் தவளை விடுவான்.
கடைசிக் கட்டத்தில் ஒன்றில் அடி,
இல்லாவிட்டால் விருந்து.
விருந்தென்றால் ஒரு வெள்ளை மலை,
நாலாபக்கமும் குத்திய தடித்த விரல்கள்.
பிட்டும் வாழைப்பழமும் என்று முடிவெடுத்தோம்.
வேறென்னவாக இருக்க முடியும்?
அவனில் எனக்கொரு பட்சம் விழுந்ததே
அந்த மலையால்தான்.

ஒருமுறை பின்னட்டை விளம்பரத்தை நம்பி,
சுவருக்கு அப்பால் காட்டும் மூக்குக்கண்ணாடிக்கு
ஐந்து ரூபாய்த் தாளை உறையில் வைத்து அனுப்பினோம்.
பெருநாள் காசும் நத்தார் காசும் சேர்ந்த தாள்.
ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது,
தட்டச்சில் அடித்த மன்னிப்போடு.
முகைதீன் பாவா அந்தக் கடிதத்தைச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தான்.
எங்களை 'ஐயா' என்று விளித்த முதல் ஆள்
அந்தக் கம்பனிக்காரன்.

ஆனால் உயிரை விட்டது நடுப்பக்கக் கப்டனுக்கு.
எழுபத்தெட்டு, கார்த்திகை முதல் கிழமைச் சுருள்:
நீர்மூழ்கிக் கப்பலின் இரும்பறைக்குள் அவர்.
கதவு பூட்டு. தண்ணீர் கழுத்துமட்டம்.
கீழே சின்ன எழுத்தில்
அடுத்த வாரம்.

அடுத்த வாரத்துக்கு முன்
சூறாவளி வந்தது.
பட்டறையின் தகரம் வாவிக்கு அப்பால் போய் விழுந்தது.
மறுகா கப்டனை நினைக்க ஆருக்கு நேரம்?
ஒருவன் தேவாலயத்தில், ஒருவன் பள்ளிவாசலில்,
நான் அரிசிக் கியூவில்.

தை பிறந்து தபால்காரர் காசிநாதர் வந்தார்.
சுருள் ஊறிக் காய்ந்து விறகுக்கட்டை.
"வெயில்ல வெச்சு எடுத்தது மகன், பாத்துப் பிரியுங்க."
ஆவி காட்டினோம். சவரக்கத்தியால் கிளப்பினோம்.
நடுப்பக்கம் உதைபந்தாட்டப் பக்கத்தோடு ஒட்டி உரிந்து
கப்டனின் அறைக்குள் ஒரு சப்பாத்துக் கால்.
அவருடைய தலை இருந்த இடத்தில் பந்து.
இடவலம் மாறிய எழுத்தில்
கடைசி நிமிடம். கோல்.

அதுதான் கதை. மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்.
பந்து கதவை உடைத்தது,
தண்ணீரெல்லாம் வெளியே ஓடிப்போனது.
வெளியேயும் தண்ணீர்தானே என்று
அந்த வருசம் ஒருவரும் கேட்கவில்லை.

நேற்றிரவு மெல்பேணிலிருந்து எல்மர்.
பழம்பொருள் சந்தையில் அதே இதழாம், நாற்பது டொலராம்.
கைபேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.
விரலால் பெருப்பித்துப் பார்த்தேன்.
இரண்டாம் கட்டத்திலேயே
கப்டன் சப்பாத்தைக் கழற்றி
உபரிச் சாவியை எடுக்கிறார்.
அவ்வளவுதான். ஒரு சாவி.

முகைதீன் பாவாவுக்குச் சொல்ல வேணும்.
அவனுடைய இலக்கம் எங்கள் இருவரிடமும் இல்லை.
தொண்ணூறுக்குப் பிறகு இல்லை.
காத்தான்குடி இங்கிருந்து நாலு மைல்.

எல்மருக்கு எழுதினேன்:
அவங்கள் பிழையாக அச்சடிச்சிருக்கிறாங்கள்.
நீ எதிர்ப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.
அந்தக் கால் ஆருடையதென்று
பார்க்க வேணும்.