ஏழுக்கு ஒன்று

ஐந்தாவது கோலுக்குப் பிறகு
ஒலிவாங்கிக்காரன் எங்கள் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டான்.
"எதிரணி" என்கிறான்.
முதிரையடிக்குளம் செங்கதிர் விளையாட்டுக் கழகம் என்று
முழுசாய்ச் சொல்ல மூச்சுப் போதாதாம்.

நான் நிற்பது அவர்கள் பக்கத்து நிழலில்.
கட்டிவந்த ஊர் இது, கரைத்தாரகையின் ஊர்.
ஆறு வருசமாய்க் கேடயம் இவர்களின் வாசிகசாலை அலுமாரியில்.
கண்ணாடி துடைக்கிற முறை
சில வெள்ளிக்கிழமைகளில் எனக்கும் வரும்.
துடைப்பேன்.
வலது மூலையில் மட்டும்
ஒரு விரல் அகலத்துக்கு ஊத்தையை விட்டுவைப்பேன்.

யசீபன்தான் எங்கள் கோல் காப்பாளன்.
நெல்மூட்டை ஏற்றி உரமேறிய கைகள்,
பந்து மட்டும் அவற்றில் தங்காது.
ஒரே ஒரு கெட்டிக்காரன் இருந்தான், குகதீசன்.
மாசியில் கட்டாருக்குப் போய்
கொம்பனி அணிக்கு மூன்று கோல் அடித்து
வீடியோ அனுப்பினான்.
அந்த மூன்றையும் எங்கள் கணக்கில் போடுங்கோ என்று
லீக் செயலாளரைக் கேட்காத குறை.

சட்டைகள் ஸ்காபரோவிலிருந்து வந்தவை.
அனுப்பியவர் இங்கிருந்து போகும்போது ஈர்க்கில்.
இப்போது பதினைந்தையும் தன் அளவுக்கு எடுத்திருக்கிறார்.
காற்றடித்தால் எங்கள் பின்வரிசை
சூட்டுக்கு மூடிய படங்கு போல உப்புகிறது.

தோற்கிறதிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா?
ஒருமுறை லான்ட்மாஸ்டர் ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் காற்றுப் போய்
ஆட்டம் தொடங்காமலே தோற்றோம்,
மூன்றுக்குப் பூச்சியம்.
ஆர் அடித்த மூன்று அது?
அரையிறுதியில் ஒருமுறை,
இரண்டு நிமிசம் கிடக்க, தண்ட உதை.
தவரூபன் பந்தை வைத்தான். கும்பிட்டான்.
ஏழடி பின்னுக்கு நடந்தான்.
பாலைமரத்தில் கண்ணயர்ந்திருந்த குரங்கு
எழும்பி ஓடியது.

என் மனுசன் நிமலேந்திரன் பகிடி பண்ணுவதில்லை.
அதுதான் தாங்க முடியாதது.
"உங்கட ஆக்கள் வடிவா விளையாடினவை" என்று
கச்சான் சுருளை நீட்டுவார்.
கச்சானில் உப்புக் கூட.

"அம்மா, ரெண்டு பக்கத்துக்கும் கத்தலாமோ?"
மிதுசாவுக்கு ஆறு வயது.
ஏலாது என்றேன்.
ஏன் என்றாள்.

ஏனென்றால்
திரும்பி வந்த வருசம்
மிதிவெடி எடுக்கிறவர்கள் எங்களுக்குத் துப்புரவாக்கித் தந்த
முதல் சதுரம் அந்த மைதானம்.
கிணறு இறைக்க முதல் கோல்கம்பம் நட்டார்கள்.
நாலு பக்கமும் மஞ்சள் நாடா.
நாடாவைத் தாண்டிய பந்தை
ஒருவரும் எடுக்கப் போவதில்லை.
பின்னேரம் முழுக்க அது அங்கே கிடக்கும், பார்த்துக்கொண்டு.
எங்கள் பெடியள் ஓரத்தால் ஓடப் பழகவில்லை.
இன்றைக்கும் நடுவாலேயே போவார்கள்,
எல்லாரும் நடுவாலேயே.
எல்லா அணிக்கும் அது தெரியும்.
எதனால் என்று தெரியாது.

இதை அவளுக்குச் சொல்லவில்லை.
"தொப்பியைப் போடு, வெயில்" என்றேன்.

ஆறுக்குப் பூச்சியம்.
மாற்று ஆளாய் யதுர்சன் இறங்கினான்.
பதினேழு வயது, அரும்பு மீசை,
சட்டை முழங்கால் வரைக்கும்.
நாடாவைக் காணாத பிள்ளை.
பந்தை எடுத்தான்
ஓரத்தால் போனான்
சுண்ணாம்புக் கோட்டோடு கோடாய்,
ஒரு கால் வெளியே விழுமோ என்கிற மாதிரி,
எனக்கு நெஞ்சு அடைத்தது, பந்துக்காக இல்லை,
பிறகு அது தவரூபனின் முழங்காலில் பட்டு
உள்ளே போயிருந்தது.

என்ன கத்தினேனோ தெரியாது.
நிழல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
ஒலிவாங்கிக்காரன் வேறு வழியில்லாமல்
மூச்சை இழுத்து
முதிரையடிக்குளம்
செங்கதிர்
விளையாட்டுக் கழகம் என்றான்.

அடுத்த நிமிசமே ஏழாவது விழுந்ததாம்.
நான் பார்க்கவில்லை.
மண்ணில் கொட்டுண்ட கச்சானை
மிதுசாவோடு குந்தியிருந்து
பொறுக்கிக்கொண்டிருந்தேன்.