மீன் ஐஸ்

இரவிலேயே வெளிக்கிட்டோம்.
வெயில் ஏறுமுன் வவுனியாவைத் தாண்டிவிட்டால்
மிச்சத்தைச் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு.
இடமாற்றக் கடிதத்தில் என் பெயர் மட்டும்தான்.
ரஸ்க், பணிஸ் என்ற இரண்டு ஹம்ஸ்டர்களைப் பற்றி
நீர்ப்பாசனத் திணைக்களம் ஒன்றும் எழுதவில்லை.

ஓடுகிற சக்கரத்தைக் கழற்றிப் பையில் வைத்தேன்:
குழியில் வான் துள்ளினால் கால் முறியும்.
தண்ணீர்ப் போத்தலையும் கழற்றினேன்,
தாகத்துக்கு வெள்ளரித் துண்டு.
பழைய மரத்தூளில் ஒரு பிடி,
தங்கள் மணமாவது தங்களோடு வரட்டும் என்று.
எனக்கு நான் இவ்வளவும் செய்துகொள்ளவில்லை.
என் பல் தூரிகை வத்தளையில் நிற்கிறது.

சாரதி நிமலதாசன் அனுராதபுரம் வரை
கண்ணாடியில் பார்த்தபடி வந்தார்.
பிறகுதான் கேட்டார்:
"உது வளருமோ, இல்லை உவ்வளவுதானோ?"
"உவ்வளவுதான்."
"எத்தினை வருசம் இருக்கும்?"
"இரண்டு. கூடினால் இரண்டரை."
"என்ர வான் லீசிங் முடிய
இன்னும் மூண்டு வருசம் கிடக்கு," என்றார்.

ஓமந்தையில் வேகம் குறைந்தது.
மறிக்க அங்கே இப்போது ஒருவரும் இல்லை.
அவருடைய கால்தான் பிரேக்கைத் தேடிப் போனது.
அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.
நானும்.

புளியங்குளத்தில் ஏசி செத்தது.
கண்ணாடியை இறக்கினால் அனல்,
ஏற்றினால் அடுப்பு.
இரண்டு பக்கமும் பாலையும் வீரையும்
இலை அசையாமல்.
கனகராயன்குளம் வரும்போது
பணிஸ் மரத்தூளுக்கு மேலே வந்து
தட்டையாய்ப் படுத்துவிட்டது,
பேருக்கேற்றபடி, ஆரோ மிதித்த பணிஸாய்.
விரலால் தொட்டேன். அத்தனை சின்ன வயிற்றுக்குள்
அத்தனை அவசரம்.
ரஸ்க் கன்னம் இரண்டிலும் சூரியகாந்தி விதையை
அடைத்து வைத்திருந்தது.
விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.
இனி எங்கே கிடைக்குமோ என்று
அகப்பட்டதை அள்ளிக்கொண்டு
இந்த ரோட்டால் போன சனத்தை
எனக்குப் படத்தில்தான் தெரியும்.
நிமலதாசனுக்கு அப்படியில்லை.

மாங்குளம் சந்தி.
கடைகளில் ஐஸ் இல்லை, விடியமுதல் கரண்ட் இல்லையாம்.
முல்லைத்தீவு ரோட்டால் வந்த மீன் லொறி ஒன்று
தேத்தண்ணிக்கு நின்றது.
நிமலதாசன் ஓடினார். பெட்டியோடு நான் பின்னால்.
"ஐஸ் எதுக்கு? மருந்துக்கோ?"
"எலிக்கு."
திருத்த வாயெடுத்தேன்.
என்ன சொல்லித் திருத்துவது?

லொறிக்காரப் பெடியன், பேர் றொக்சன்,
தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தான்.
குனிந்து பெட்டிக்குள் பார்த்தான்.
பிறகு பாரை மீன்களை ஒதுக்கி
முழங்கைவரை உள்ளே விட்டு
அடியில் கிடந்த உடையாத கட்டியை எடுத்தான்.
காசு வேண்டவில்லை என்று எழுதினால் அழகாயிருக்கும்.
நூறு ரூபா வாங்கினான்.
பொலித்தீன் பை சும்மா தந்தான்.

துவாயில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைத்தேன்,
குளிர் கூடினால் தாங்களே தள்ளிப் போகட்டும்.
முறிகண்டியில் எல்லாரும் நிற்பார்கள், நாங்களும் நின்றோம்.
நிமலதாசன் தேங்காய் உடைத்தார்,
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
உப்பில்லாத கச்சான் ஒரு சுருள் வாங்கி வந்தார்.
பணிஸ் எழும்பியது.
இரண்டு கையாலும் பிடித்து
கோதோடு ஒன்றைக் கன்னத்துக்குள் ஏற்றப் பார்த்து,
ஏறாமல்,
விடாமல்,
ஏற்றியது.
வான் முழுக்கப் பாரை மணத்தது.

கிளிநொச்சியில், இரணைமடுப் பக்கம் அறை.
வீட்டுக்காரப் பங்கயம் அக்கா சாவியைத் தந்து
மூலையில் இருந்த சிரட்டையைக்
காலால் இன்னும் உள்ளே தள்ளினா.
அதற்குள் நீலக் குருணி.
"ஒண்டுக்கும் பயப்பிடாதைங்கோ பிள்ளை,
இந்த வீட்டில
எலியெண்ட கதைக்கே இடமில்லை."

கையில் பெட்டி சுரண்டியது.
நான் இருமினேன்.
நிமலதாசன்
என்னைவிடப் பெரிதாக இருமினார்.