பதினேழாம் எண்

முதலில் மழிக்க வேண்டும்.
மயக்கவாயு ஏறி மீசை தளர்ந்ததும்
கழுத்துக்குக் கீழே, சலூன் கணக்கில் இரண்டு விரல்.
செய்முறைத் தாள் அதை மில்லிமீட்டரில் கேட்கும்.

இளஞ்சிவப்பாய் வெளிப்படும் தோல்மேல்
தபால்தலை அளவில் ஒரு பட்டை.
பேட்டரி கிடையாது.
எலி நடந்தால், சொறிந்தால், மூச்சு வாங்கினால்
அந்த அசைவே மின்சாரம்.
நாக்கு நுனியில் வைத்தால்
லேசாகப் புளிக்கிற அளவு.
(வைத்துப் பார்த்தேன்.
பதிவேட்டில் எழுதவில்லை.)

இருபத்துநான்கு எலிகள்.
பாதிக்கு ஓடும் கம்பி, பாதிக்கு அறுத்த கம்பி.
எதற்கு எது என்று
அளக்கப்போகும் டாக்டர் ஹனாதிக்குத் தெரியக்கூடாது.
எனக்குத் தெரியும். அறுத்தவன் நான்.

வெளியே ஷார்ஜா. ஜூலை.
மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் தானே வெந்துவிடும்.
ஹீட்டரை அணைத்துவைத்து
அதிலிருந்து வருவதைக் குளிர்நீர் என்போம்.
ரோலாவில் எங்கள் அறைக்கு ஆறு கட்டில்,
ஒரு குளியலறை, ஒரு வடிகால் ஜாலி.
அதில் சிக்கும் முடியைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம்.
சுருட்டை, சாதிக் அலி.
சாயம் போன சிவப்பு, முத்துவேலர்.
மிச்சமெல்லாம் அடைக்கலம்.

கடலைக் காய்ச்சி உப்பு நீக்கிய தண்ணீர்,
அதன்மேல்தான் எல்லாக் குற்றமும்.
கம்பெனியைச் சொல்ல முடியாத நாளிலும்
தண்ணீரைத் திட்டலாம்,
அது யாருடைய விசாவையும் ரத்து செய்யாது.

செப்டம்பரில் அடைக்கலம் பெண் பார்க்கப் போகிறான்.
பெண்வீட்டாரிடம் இருப்பது
நாலு வருஷம் முந்தைய போட்டோ.
"போட்டோவுக்குத் துரோகம் பண்ணக்கூடாதுல்ல" என்கிறான்,
சாரக்கம்பி ஏறும் ஹெல்மெட்டைக் கழற்றி
உள்பட்டையில் ஒட்டியதை எண்ணியபடி.

"எலிக்குக் குடுக்கிறத எனக்கும் குடு."
"எலி கையெழுத்துப் போடத் தேவையில்ல. நீ போடணும்."
"எங்க, சொல்லு."
வாசிக்கத் தெரியாத அரபித் தாள்களில்
எத்தனையோ முறை போட்டவன்.

பதினேழாம் எண், ஒன்பதாம் நாள்,
தன் பட்டையைப் பல்லால் பிய்த்துப் போட்டிருந்தது.
குப்பைக்குரியது. ஸ்பிரிட்டில் மூன்று முறை துடைத்தேன்.
அறுத்த கம்பி வகை.
அதையும் சொல்லியிருக்கலாம்.

அசைந்தால்தான் வேலை செய்யும் என்று மட்டும்
சொல்லித் தொலைத்தேன்.

பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் ஏறி இறங்கி வந்தவன்
நள்ளிரவு தாண்டி நடைக்கூடத்தில் நடக்கிறான்.
லிஃப்ட் வரை, அங்கிருந்து குப்பைக்குழாய் வரை,
மறுபடி லிஃப்ட்.
எலியும் இரவில்தான் நடக்கும்.
அந்தச் செருப்புச் சத்தத்தில்
என் கட்டிலில் நான் விழித்துக் கிடக்கிறேன்.

இருபத்தெட்டாம் நாள்
கரியமில வாயு.
பிறகு தோல், மெழுகு, மெல்லிய சீவல், நுண்ணோக்கி.
ஓடும் கம்பிக்கு அடர்த்தி அதிகம்தான்,
ஹனாதி இரண்டு முறை அளந்து
மூன்றாவது முறை சிரித்தார்.
அறுத்ததற்கும் முடி வந்திருந்தது, குறைவாக.
எலிக்கு முடி எப்படியும் வரும்.

பட்டை இல்லாத பதினேழு கணக்கில் சேராது.
ஆனால் வாயுவில் விலக்கு இல்லை.
யாரும் அளக்காத அதன் முதுகைக்
கட்டைவிரலால் எதிர்ப்போக்கில் ஒருமுறை தடவினேன்.
வளர்ந்திருந்தது, பாட்டுக்கு,
புதுப் பாயின் ஓரம்போல.

அன்றிரவு டியூப்லைட்டுக்கு அடியில்
அடைக்கலம் தலை குனிந்து நின்றான்.
"பாரு. ஏதாச்சும்?"
அதே கட்டைவிரலை வைத்தேன்.
வேர்வை, சூடு, பட்டையின் சதுரத் தழும்பு.

"இன்னிக்கு நடக்க வேண்டாம். போய்ப் படு."

"அப்ப, வேலை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு" என்றேன்.
ஆறு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக
விளக்கணைக்குமுன் தூங்கிப்போனான்.