காணப்படவில்லை

முதல்நாள் கொண்டுவந்தது வெறும் எச்சில்.
தொண்டையிலிருந்து இல்லை, நெஞ்சிலிருந்து,
விடியப்புறம் எழும்பின உடனே, என்று சொல்லி
வேறு டப்பா கொடுத்தனுப்பினேன்.
மறுநாள் அதன் மூடியில்
மஞ்சள் நூல் ஒன்று ஒட்டிக்கிடந்தது.
தையற்காரி என்று அப்படித்தான் தெரியும்.

அஞ்சலீற்றா. குருநகர். முப்பத்தெட்டு.
நாலு மாத இருமல், பின்னேரக் காய்ச்சல்,
கடற்காற்று நேரே அடிக்கிற அறையிலும்
தலையணை உறையைப் பிழிகிற வியர்வை.

சிவப்பை ஊற்றி, ஆவி எழும்பச் சூடுகாட்டி,
அமிலத்தால் கழுவி, நீலம் ஊற்றினால்
எல்லாம் நீலமாகும், அது ஒன்றைத் தவிர.
ஏற்ற சிவப்பை அது விடாது.
பத்தொன்பது வருசமாய்
அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் நான் சம்பளம் எடுக்கிறேன்.

எண்ணெய்த் துளி. ஒரு களம். இரண்டு களம்.
அறுபத்திரண்டில் கரண்ட் போனது.
வந்தபிறகு திரும்ப ஒன்றிலிருந்து.
நூறு வரைக்கும் நீலம்,
பண்ணைப் பாலத்தில் நின்று பார்க்கிற கடல்போல,
ஒரு மிதவைகூட இல்லாமல்.

மூன்று ஸ்லைட்டும் அப்படியே.
புது மெஷினும் இரண்டு மணித்தியாலம் யோசித்து
இல்லை என்றது.
மன்ரூ ஊசி ஆறு மில்லிமீற்றர்,
ஓமுக்கும் காணாது, இல்லைக்கும் கூட.
எக்ஸ்ரேயில் வலப்பக்க நுனியில் ஒரு மங்கல்.
'இருக்கலாம்' என்ற சொல்லை
ஒரே பந்தியில் மூன்றுதரம் எழுதியிருந்தார்கள்.
வெலிசறைக்கு வளர்ப்புக்கு அனுப்பினோம்.
ஏழு கிழமை கழித்துத் துண்டு வந்தது:
வேறு கிருமி கலந்து பழுது, மீண்டும் அனுப்பவும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று
என் கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தா.
"மிஸ், காணேல்லை எண்டால்
இல்லையெண்டோ?"
நான் வாய்திறக்க முதல் தானே சொன்னா:
"தம்பியைத் தேடிப்போன கந்தோரிலையும்
இப்பிடித்தான் எழுதித் தந்தவை.
பட்டியலிலை இல்லையாம்.
ஆற்றை பட்டியல் எண்டு
அப்ப எனக்குக் கேக்கத் தெரியேல்லை."

ஒரு மில்லிலீற்றரில் ஐயாயிரமாவது இருந்தால்தான்
என் கண்ணில் ஒன்று விழும்.
நாலாயிரம் இருந்தால்
நான் எழுதியது பொய்யில்லை. உண்மையும் இல்லை.
இதை எழுதப் படிவத்தில் இடமில்லை.
அவவுக்குச் சொல்லவும் இல்லை நான்.

டொக்டர் மயூரதன் கோவையை மூடிவைத்துவிட்டு
வேறென்ன என்று கேட்டாராம்.
சட்டையின் பக்கத் தையலைத் திருப்பிக் காட்டினாவாம்:
தையில் ஒருதரம் ஒடுக்கியது,
மாசியில் ஒருதரம்,
பங்குனி,
சித்திரைப் பூசைக்குப் போட இன்னொருதரம்.
தராசில் முப்பத்தொன்பது கிலோ.
இரண்டு சுற்று அன்ரிபயற்றிக்குக்கும் இறங்காத காய்ச்சல்.
'உறுதி' என்ற கட்டத்துக்கு மேல்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
"பிழையெண்டால் அது என்ரை பிழை.
நாளைக்குத் தொடங்குவம்."

தொடங்கிய அன்று பின்னேரமே ஓடிவந்தா,
முகம் வெளிறி,
"மிஸ், பன்ரா மாதிரிப் போகுது!"
அது குளிசையின் நிறம், பயப்பிடாதையுங்கோ என்றேன்.
சிரிக்க வெளிக்கிட்டு இருமினா, இருமிச் சிரித்தா.

மூன்றாம் கிழமை காய்ச்சல் விட்டது.
இரண்டாம் மாதம் நாற்பத்திமூன்று.
இன்றுவரை ஒருவரும் அதைக் கண்ணால் காணவில்லை,
நானும்தான்.

ஐந்தாம் மாதக் கிளினிக்.
வாங்கிலிருந்து பிளேட்டால்
அதே சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தா.
பிரித்த இடத்தில் நாலு வரிசை ஊசித் துளைகள்.
"தோய்ச்சாலும் இது போகாது, மிஸ்."
வாங்கி யன்னலுக்கு நேரே பிடித்தேன்.
ஒவ்வொன்றாலும் வெளிச்சம் வந்தது.
பழக்கதோசம், எண்ணத் தொடங்கிவிட்டேன்.
முதல் வரிசை முடிய முதல்
அவவின் பஸ் வந்துவிட்டது.