இலக்கம் பார்த்தல்

யூனியன் பிளேஸில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வேலை.
இல்லாவிட்டால் தாள் பறக்கும்.
முத்திரையின்மேல் மெல்லிய தாளை வைத்து
பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கிறேன்:
முதலில் கிரீடம், பிறகு வி.ஆர்., பிறகு ஆண்டு.

மேசைக்கு அந்தப் பக்கம் மிஸிஸ் ஜான்ஸ்.
மெல்பேர்ணுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.
"அப்பாவின் அப்பா போவர் சண்டைக்குக் குதிரையோடு போனவர்.
இதோடு திரும்பி வந்தார்,
குதிரை வரவில்லை" என்கிறார்.
குதிரையைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்கிறது.

மாட்டினி கார்பைன். குட்டைக் குழல்.
திருகாணிப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் ஓர் அகலம்.
என்ஃபீல்ட் என்ற பெயரில் ஓர் எழுத்து
கண்ணாடிக்குள் இருப்பதுபோல் திரும்பி நிற்கிறது.
வாசிக்கத் தெரியாமல் பார்த்து வெட்டிய கை,
எங்கோ ஒரு மலையடிவாரத்தில்
அரத்தோடு குந்தியிருந்த கை.
ஆண்டு, ஆயிரத்துத் தொளாயிரத்து மூன்று.
ராணி செத்து இரண்டு வருடம்.
சண்டை முடிந்தும் ஒன்று.

பொருந்தவேண்டியவை பொருந்துகின்றனவா என்று பார்ப்பது
நான் இந்த அறையில் படித்ததல்ல.
தொண்ணூற்றேழில், வெள்ளவத்தையில்,
பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டார்கள்.
பொடியனுக்கு இருபது இருக்கும்.
என் ஐசியை முன்னும் பின்னும் திருப்பினான்,
வெயிலுக்கு நேரே பிடித்தான்,
லாமினேட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.
பிறந்த இடத்தில் விரல் நின்றது.
எனக்குப் பார்க்க வேறெதுவும் இருக்கவில்லை,
அவன் மார்பில் தொங்கியதைப் பார்த்தேன்.
உடலில் ஓர் இலக்கம்.
மேல்மூடியில் வேறு.
எவனுடையதோ மூடி.
என்னைச் சரி என்றான், போகச் சொன்னான்.
நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒறிஜினல்தானே?"
மிஸிஸ் ஜான்ஸ், மூன்றாவது தடவை.

கட்டையில் கன்னம் படும் இடத்தைத் தடவுகிறேன்.
மரம் அங்கே மெல்லக் குழிந்து
வழுவழுத்துக் கிடக்கிறது.
அரத்தால் வராது அது, மெழுகாலும் வராது.
வியர்வை வேண்டும், தாடி வேண்டும்,
ஒரே பக்கம் தலை சாய்த்த வருடங்கள் வேண்டும்.
யாருடைய கன்னம் என்பதற்கு
எந்த முத்திரையும் இல்லை.

கடிதத்தில் எழுதுகிறேன்:
கார்பைன். மாட்டினி மாதிரி.
எழுத்துகள் கையால் வெட்டியவை,
பட்டறை தெரியாது.
நெடுங்காலம் பாவிக்கப்பட்டது.

கையெழுத்துக்கு முன்னர் பேனையை நிறுத்தி,
விலைக்குச் சம்பந்தமில்லைதான்,
குதிரைக்குப் பெயர் இருந்ததா என்று கேட்கிறேன்.

"பீட்ரிஸ்" என்கிறார், யோசிக்காமல்.
பிறகு, நான் பிழையாக எழுதிவிடுவேனோ என்று,
ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்குகிறார்.